கிட்டாருக்குக் கட்டிய நூல்

நான் ஆசைப்பட்டுக் கிட்டார் படித்தவன் அல்ல. என் சிநேகிதனுடைய தங்கைக்குக் கலியாணம் வந்தது, அதனால் படித்தேன்.

அப்போது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை. பிந்திக் கலியாணம் முடித்தவன், அதுவும் புதிது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம். என் மனைவியின் வீடு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்தது. காலையில் தோணியேறி நகரத்துக்கு வருவேன். பின்னேரம் தோணியேறித் திரும்புவேன். இரண்டு பயணத்திலும் தோணிக்காரனோடு ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அங்கேயும் விடை தெரிந்தும் எழும்பாமல் இருந்தவன் நான்.

பட்டறையில் எனக்கு அடுத்த வாங்கில் வேலை செய்தவன் போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கி. என் வயதுதான் இருக்கும். அவர்களுடைய தெருவில் தச்சர், கொல்லர், தையற்காரர் என்று எல்லோரும் கைவேலைக்காரர்கள். வீட்டுக்குள் போர்த்துக்கேயம் பேசுவார்கள். படலையைத் திறந்து வெளியே வந்தால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்கள். அவன் நாள் முழுவதும் பேசுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

அவனுடைய தங்கைக்குத் தவக்காலம் முடிந்ததும் கலியாணம் என்று நிச்சயமாயிற்று. பறங்கிக் கலியாணத்தில் மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆட்டம் தொடங்கும். வயலினும் கிட்டாரும் இல்லாமல் நடந்தால் அதை அந்தத் தெருவில் கலியாணம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லா வீட்டுக்கும் கிட்டார் வாசிக்கிறவன் இவன்தான். ஆனால் தகப்பன் இறந்துவிட்டார். தங்கையின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் இவன், அவளோடு முதல் ஆட்டம் ஆட வேண்டியவனும் இவன். ஆடிக்கொண்டே கிட்டார் வாசிக்க யாராலும் முடியாது. தெருவில் வாசிக்கத் தெரிந்த இன்னொருவன் திருகோணமலைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"மச்சான், நீ வாசி," என்றான் ஒரு நாள், சீவுளியைத் தட்டித் தூளை உதறிக்கொண்டு.

"எனக்கென்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அது எனக்குத் தெரியும். நான் பழக்கி விடுறன்."

"ஆக்களுக்கு முன்னால இருக்க எனக்கு ஏலாது."

"ஆக்கள் உன்னையா பாக்க வாறாங்க? பொம்பிளையப் பாப்பாங்க, மறுகா பிரியாணியப் பாப்பாங்க. உனக்கு அளவு பாக்கத் தெரியும், கை நடுங்காது. அது காணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டான். அடுத்த நாள் காலையில் அந்தத் தங்கையே பட்டறை வாசலுக்கு வந்து நின்றாள். "அண்ணன், நீங்கதானாம் எனக்கு வாசிக்கிறது. அம்மா நித்திரையில்லாம கிடந்தா, இப்பதான் நிம்மதியாப் படுத்தா," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு தாயின் நித்திரை என் விரல்களில் வந்து தங்கிவிட்டது. இனி எப்படி விலகுவது?

சிநேகிதன் தன் தகப்பனுடைய கிட்டாரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். வயிற்றுப் பலகையில் ஒரு வெடிப்பு. அதை நானே வச்சிரம் போட்டு ஒட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பலகை அடுக்கின் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் பாடம் நடந்தது.

"தோ," என்றான், ஒரு தந்தியைச் சுண்டி. "இது நிலம். இவடத்த இருந்து ஏறு. ரே, மீ, ஃபா, சோல், லா, சீ. திரும்பவும் தோ. அதுவும் தோதான், ஆனா மேல்மாடி. இதுக்குப் பேர் மேஜர் ஸ்கேல். எட்டுப் படி. ஏறு, இறங்கு. பாட்டைப் பத்தி இப்ப நினைக்காத."

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பித்தளைக் கம்பிகள் பதித்திருக்கும். இரண்டு கம்பிகளுக்கு இடையில் உள்ள கட்டத்தில்தான் விரலை வைத்துத் தந்தியை அமுக்க வேண்டும். எட்டுப் படிகளும் எந்தெந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று அவன் காட்டியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு படிக்கும் மறு படிக்கும் இரண்டு கட்டம் தள்ளிப் போகிறது. ஆனால் மீக்கும் ஃபாவுக்கும், சீக்கும் மேல்மாடித் தோவுக்கும் ஒரே கட்டம்தான்.

"இந்த ஏணியச் செய்தவன் ஆரு?" என்றேன். "மூணாம் படியும் நாலாம் படியும் ஒட்டிக்கொண்டு கிடக்கு. மேலேயும் அப்படித்தான். எங்கட முதலாளி கண்டா ஆளை வேலையால நிப்பாட்டிப் போடுவார்."

"நீ அளந்து திருத்தப் போறயா?"

"ஏன், சமமா வெச்சா என்ன?"

"வெச்சுப் பாரு. ஏறுவாய், ஆனா வீடு வந்து சேரமாட்டாய்."

ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தபோது சமமாக வைத்தே ஏறிப் பார்த்தேன். எல்லாப் படிக்கும் ஒரே இடைவெளி. கேட்க ஏதோ பாழ் கிணற்றுக்குள் வழி தவறி நடப்பது போல் இருந்தது. மேலே போகிறேனா கீழே போகிறேனா என்றே தெரியவில்லை. பிறகு பழைய மாதிரி ஏறினேன். சீக்கு வந்ததும் அடுத்த படி தானாகக் கூப்பிட்டது. அன்றைக்கு அந்த ஏணியைச் செய்த தச்சன் யாராக இருந்தாலும் அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

இந்த ஏணியில் முதலாம் படி, நாலாம் படி, ஐந்தாம் படி மூன்றும் நின்று கும்மியடிக்கும் இடங்கள் என்று சிநேகிதன் சொன்னான். அந்த மூன்றிலும் எல்லாத் தந்தியையும் சேர்த்து அடிக்கத் தெரிந்தால் அவர்களுடைய பைலா ஆட்டத்துக்குப் போதும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் குதிக்கக் கூடாது. இடையில் உள்ள படிகளில் பெருவிரலால் நடந்து போக வேண்டும். ஆடுகிறவன் காலைத் தூக்குவது அந்த நடையைக் கேட்டுத்தான். ஆகவே முதலில் நடக்கப் பழகு என்றான்.

நான் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுபோய் நடக்கப் பழகினேன். அங்கேதான் தொல்லை தொடங்கியது.

என் மனைவியின் தாய், அதாவது மாமி, மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவுக்குள் இடையில் வேலி போட்டு ஒரு சின்ன வீட்டில் இருந்தார். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. மாமி எனக்குச் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொல்வார், எனக்குக் கேட்கும்படியாக. என் பதிலை நான் மனைவிக்குச் சொல்வேன், மாமிக்குக் கேட்கும்படியாக. கூச்சமுள்ளவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் கிடையாது.

வளவின் பின்பக்கத்தில் வண்டில் நிறுத்தும் கொட்டில் ஒன்று இருந்தது. வேலையால் வந்து முகம் கழுவியதும் கிட்டாரை எடுத்துக்கொண்டு அதற்குள் போய் வண்டிலின் மேல் இருந்து ஏறி இறங்குவேன். தோ ரே மீ ஃபா சோல் லா சீ தோ. தோ சீ லா சோல் ஃபா மீ ரே தோ. சில நாள் ஃபாவில் தடுக்கி விழுந்து மீண்டும் நிலத்திலிருந்து தொடங்குவேன். எனக்கு அது அலுக்கவேயில்லை. மரம் சீவுவதும் அப்படித்தானே, போன வழியே திரும்பத் திரும்பப் போனால்தான் பலகை மினுங்கும்.

ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது.

"புள்ள, இது என்ன பாட்டு?"

"பாட்டில்ல அம்மா. படியாம்," என்றாள் என் மனைவி.

"என்ன படி?"

"ஏறுற படி. ஏறிப்போட்டு மறுகா இறங்குறதாம்."

"ஏறி எங்க போறதாம்?"

என் மனைவிக்கு அதற்கு மேல் தெரியவில்லை. மாமி அதை விட்டுவிட்டு, "ஆர்ட சாமான் அது?" என்றார்.

"அவர்ட கூட்டாளிட அப்பன்டயாம்."

"அப்பன் எங்க?"

"அவர் செத்துப் போனாராம்."

 நான் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"அதானே பாத்தன்," என்றார் மாமி. "செத்த மனிசன்ட சாமான விளக்கு வைக்கிற நேரத்துல தட்டி எழுப்பினா வேறென்ன வரும்? பாட்டெண்டா அதுக்குத் தொடக்கமிருக்கும், முடிவிருக்கும், நடுவுல அழுறதோ சிரிக்கிறதோ ஒண்டிருக்கும். இது ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. வாசல் தெரியாத சீவன் மாதிரி."

"அவர்தானேம்மா வாசிக்கிறார்."

"அவரா? வந்த நாள் தொட்டுச் சோத்துக்கு உப்புக் காணாதெண்டுகூட வாய் திறக்காத மனிசன். அவருக்குள்ள இவ்வளவு சத்தம் எங்கால வந்த? அவர் அத வாசிக்கல்ல புள்ள. அது அவர வெச்சு ஏறி இறங்குது."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே அடுத்த நாள் ஒரு பாட்டை வாசித்து அவருடைய சந்தேகத்தைத் தீர்க்கலாம் என்று நினைத்தேன். பெண்கள் ஊஞ்சலில் பாடும் ஒரு பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குப் படிகள்தான் தெரியும், பாட்டு எந்தப் படியில் ஏறுகிறது என்று தெரியாது. தேடித் தேடி விரலை வைத்தேன். மாமியின் வீட்டு யன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. என் மனைவி வந்து, "நீங்க படியையே வாசியுங்க, அது பரவாயில்ல," என்றாள்.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலின் வாசிப்பவரைப் பார்க்கக் கூட்டிப் போனான் சிநேகிதன். அவனுடைய தாய்மாமன்; கொல்லர். வயலின் அவர் கைக்குள் ஒரு அகப்பை போல இருந்தது. காது கொஞ்சம் மந்தம். நான் என் தோ ஏணியை ஏறிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வயலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வண்டில் இரண்டு ஒழுங்கையில் எதிரெதிரே வந்ததுபோல.

"மாமா, இவன் தோவுல இருக்கான்," என்று சிநேகிதன் காதுக்குள் கத்தினான்.

"இருக்கட்டும். நான் ரேயில இருக்கன்."

"நீங்க கொஞ்சம் தோவுக்கு இறங்கி வாங்களன்."

"நான் ஏன் இறங்க? இவ்வளவு காலமும் இந்தத் தெருவுல எல்லாரையும் ரேயிலதான் கட்டிக் குடுத்தது. உன்ட அம்மாவையும் அப்படித்தான். உன்ட தங்கச்சிய மட்டும் தோவுல குடுக்கவா?"

ரேயை நிலமாக வைத்து ஏறினாலும் அதே ஏணிதான், அதே ஒட்டிய படிகள்தான். ஆனால் அதற்கு நாலாம் கட்டத்தைச் சுண்டுவிரலால் எட்டிப் பிடிக்க வேண்டும். என் சுண்டுவிரல் பல வருடங்களுக்கு முன் உளி பட்டு நரம்பு அறுந்து மரக்குச்சி போல நின்றது. எவ்வளவு முயன்றும் அது நாலாம் கட்டத்துக்குப் போகவில்லை. கையை வளைத்தேன், கிட்டாரை வளைத்தேன், என்னையே வளைத்தேன். சிநேகிதன் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பேசாமல் இருக்கிறவன் அவன் அல்ல. ஆகவே நிலைமை எனக்கு விளங்கியது. கலியாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. உள் அறையிலிருந்து அவனுடைய தாய் எட்டிப் பார்த்து எனக்குக் கோப்பி தந்து, "நல்லாப் போகுதா மனே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கிட்டார் விறாந்தையில் பாயின் மேல் படுத்திருந்தது. நெற்றியில்லாத பொருளுக்கு எங்கே பூசுவது என்று தெரியாமலோ என்னவோ, வயிற்றில் திருநீறு பூசியிருந்தது. கழுத்தில், இரண்டாம் கட்டத்துக்குள், தோல் உரித்த வேப்பங்குச்சி ஒன்றைக் குறுக்கே வைத்து மஞ்சள் நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது.

"கப்புகனாரிட்டப் போனவ அம்மா," என்றாள் என் மனைவி. கப்புகனார் என்பவர் எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் பூசை செய்கிறவர். "சீவன் நிக்கிற சாமான்ட கழுத்துல கட்டச் சொன்னாராம். அம்மா பிடிச்சா, நான் கட்டினன்."

"நீயா கட்டின?"

"வேலி கட்டுற மாதிரித்தான் கட்டியிருக்கன். அசையாது."

வேலி கட்டுவதில் அவளை வெல்ல எங்கள் ஊரில் ஆள் கிடையாது. குச்சி ஆறு தந்தியையும் ஒன்றாக அமுக்கிக்கொண்டு கிடந்தது.

"எப்ப அவிழ்க்கிறது?"

"குளிர்த்தி முடிய."

குளிர்த்தி என்பது வைகாசியில் நடக்கும் அம்மன் சடங்கின் கடைசி நாள். கலியாணமோ சித்திரையில். இடையில் அவிழ்த்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கோயில் நூலைச் சொந்தக் கையால் அறுக்கும் துணிவு எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதைவிட, அதை மாமி கட்டுவித்திருந்தார்.

ஒருவருக்கும் தெரியாமல் கொட்டிலுக்குள் கொண்டுபோய் ஒரு தந்தியைச் சுண்டினேன். செத்துப்போன சத்தம் வரும் என்று நினைத்தேன். வந்தது நல்ல தெளிவான சத்தம், முன்பைவிட உயரத்தில். நடுத்தந்தி ஒன்று மட்டும் கரகரத்தது. நூல் காய்ந்ததும் அதுவும் அடங்கிவிட்டது. குச்சி இருக்கும் இடத்தையே கழுத்தின் முடிவு என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து கணக்குப் பண்ணி என் தோ ஏணியை ஏறினேன். எட்டுப் படியும் இடத்தில் இருந்தன. கட்டங்கள் கொஞ்சம் குறுகியிருந்ததால் விரலுக்கும் சுகமாக இருந்தது.

வேலிக்கு அப்பால் மாமி, "கேட்டயா புள்ள? அந்த மனிசன் மேல ஏறிற்றார். நூல் வேலை செய்யுது," என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சிநேகிதன் கலியாணத்துக்குச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தான். வாவியைக் கடந்து வந்து, புதுச் சப்பாத்தோடு முற்றத்தில் நின்று, மாமியையும் மனைவியையும் முறையாக அழைத்தான். எனக்குத்தான் மாமியோடு பேச்சில்லை. அவனுக்கு என்ன தடை? மாமி அவனை இருக்கச் சொல்லிப் பால் கொடுத்தார். நான் கிட்டாரை அவன் கண்ணில் படாமல் உள்ளே தள்ளினேன்.

"ஏன் மனே, உங்கட அப்பருக்கு ஏதும் ஆசை மிச்சமிருந்ததா?" என்று மாமி நேராகவே கேட்டார்.

"அப்பருக்கா? நிறைய, மாமி. அதுல பாதி சாராயம்."

"மத்தப் பாதி?"

அவன் சிரித்துக்கொண்டிருந்தவன் கொஞ்சம் நிறுத்தி யோசித்தான். "தங்கச்சிட கலியாணத்துல தான்தான் வாசிக்கிறது, மாப்பிள்ளை வந்து கும்பிட்டாலும் வேற ஆளை விடமாட்டன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்."

மாமி பால் செம்பைக் கீழே வைத்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார், ஆனால் அந்தச் சொல் எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்ப அது அங்க போய்த்தான் சேரோணும் புள்ள. அவர விடாம வாசிக்கச் சொல்லு. நானும் வாறன்."

இப்படியாக, முன்பு ஒரு தாய்க்கு நித்திரை தர வேண்டியிருந்த நான், இப்போது இறந்த ஒருவருக்கும் வாசல் காட்ட வேண்டியவன் ஆனேன். சுண்டுவிரலைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கடைசி ஒத்திகைக்குக் கிட்டாரை நெல்லுச் சாக்கில் சுற்றிக்கொண்டு தோணி ஏறினேன். "என்ன, ஆட்டுக்குட்டியா?" என்று ஒருவர் கேட்டார். "கத்தாம வருது, நல்ல குணம்," என்றார் இன்னொருவர். நான் சாக்கை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

சிநேகிதனின் வீட்டில் கழுத்தின் நுனியிலிருந்து குச்சி வரைக்கும் ஒரு துவாயைச் சுற்றி மூடிக்கொண்டு இருந்தேன். வயலின்கார மாமா வழக்கம்போல ரேயில் தொடங்கினார். எனக்கு ரே வராது. வருவது தோ ஒன்றுதான். நடப்பது நடக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு என் தோவில் பெருவிரலால் நடந்தேன். முட்டவில்லை. இன்னும் இரண்டு படி நடந்தேன். வயலின் மேலே போனது, நான் கீழே அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது கொல்லர் வில்லை ஆட்டிச் சிரித்தார்.

"பாத்தயா, படிச்சிட்டான் ரே."

சிநேகிதன் எழும்பி வந்து என் கையைப் பார்த்தான். துவாயை விலக்கினான். வேப்பங்குச்சியைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினான். பிறகு மஞ்சள் நூலைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தொடப்போன கையை எடுத்துக்கொண்டான். அந்தத் தெருவிலும் காய்ச்சல் வந்தால் முதலில் தங்கள் மாதாவுக்கும் இரண்டாவது எங்கள் அம்மனுக்கும் நேர்ந்துகொள்வார்கள்.

"ஆர் கட்டின?"

"மாமி."

"ஏன்?"

சொன்னேன். அவன் தகப்பனைப் பற்றியது என்பதால் மெதுவாகச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறானோ என்று பயந்தேன். தோள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறான் என்று தெரிந்தது.

"மச்சான், கொழும்புக் கடையில இதுக்கெண்டு இரும்புல, ஆணி முறுக்கி இறுக்குற மாதிரி ஒண்டு விக்கிறாங்கள். தோவுக்கும் ரேக்கும் நடுவுல ரெண்டு கட்டம். உன்ட மாமி உன்ட ஏணிய அப்படியே தூக்கி ரேக்கு மேல வெச்சுப் போட்டா. நீ தோவுல ஏறு, கேக்கிறவனுக்கு அது ரே."

"குளிர்த்தி வரைக்கும் அவிழ்க்கேலா."

"அவிழ்த்தா நான் உன்னை வாவியில தள்ளிப் போடுவன்."

மாமா சில வால்ஸ் ஆட்டங்களைச் சோலில் வாசிப்பார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அந்த நேரங்களில் நான் கேக் தின்பதாக நடிப்பது என்று முடிவு செய்தோம்.

கலியாணத்தன்று பின்வளவில் கிடுகுப் பந்தல் போட்டுப் பெற்றோமாக்ஸ் கொழுத்தியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் கதிரை கேட்டேன். வயலினுக்குப் பக்கத்தில் நடுப் பந்தலில் போட்டார்கள். மாமி பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். சாராயப் போத்தல் ஒன்று தெரிந்தால் கடைசித் தோணிக்குக் காத்திராமல் புறப்பட்டுவிடுவது என்று மகளிடம் முன்பே சொல்லியிருந்தார். போத்தல் ஒன்றல்ல, பல தெரிந்தன. பொம்பிளையின் தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிநேகிதன் தங்கையின் கையைப் பிடித்து நடுவுக்குக் கூட்டி வந்தான். எல்லோரும் கையைத் தட்டினார்கள். வயலின் தொடங்கியது.

எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. முதலாம் படி எது, நாலாம் படி எது, எங்கே அடிக்க வேண்டும், எங்கே நடக்க வேண்டும், ஒன்றுமே இல்லை. வெள்ளை உடுப்புகள் மட்டும் கண்ணுக்கு முன்னால் ஆடின. கை தானாகப் போய் அதற்குத் தெரிந்த ஒரே இடத்தில் நின்றது. தோ. பிறகு ரே, மீ, ஃபா. வண்டில் கொட்டிலில் ஏறியபடியே ஏறினேன், மேல்மாடி வரை. அங்கிருந்து அப்படியே இறங்கினேன். சும்மா ஸ்கேல்தான், குழந்தைப் பாடம். ஆனால் தாளத்தில் விழுந்தது. சிநேகிதனின் கால் என் படிகளின் மேலேயே விழுந்து எழுந்தது. தங்கை பாவாடையைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். இரண்டாவது தரம் இறங்கும்போது ஐந்தாம் படியில் என் கை தன்பாட்டில் விரிந்து எல்லாத் தந்தியையும் அடித்தது. பிறகு நாலாம் படியில். பிறகு நிலத்தில். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, வேலைக்குப் பிந்தி வந்த ஆட்கள் போல. அதற்குள் முற்றம் முழுவதும் ஆடத் தொடங்கிவிட்டது.

கதவு நிலையில் நின்ற தாயைக் காணவில்லை. யாரோ ஒரு கிழவர் அவரையும் இழுத்துக்கொண்டு போய் ஆட விட்டிருந்தார்.

ஆட்டம் நின்றபோது பெண்கள் பக்கத்திலிருந்து மாமியின் குரல் கேட்டது. மகளுக்குத்தான் சொன்னார்.

"ஏறி இறங்கினது இதுக்குத்தானா?"

"ஓம் அம்மா. அதே படிதான். மேல பாட்டு வந்திருக்கு."

"மனிசன் வந்து சேர்ந்திட்டார்." சிநேகிதனின் தகப்பனைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு, "முடிஞ்சிட்டா?" என்றார்.

"இல்லயாம். இன்னும் கனக்க இருக்காம்."

"அவர்தான் வாசிக்கிறாரா?"

"அவர்தான்."

மாமி போத்தல்கள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். கட்டியிருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"தோணிக்கு என்ன அவசரம். இருந்து பாப்பம்."

கொல்லர் வயலினைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "ரேதானே?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அடுத்த ஆட்டம் தொடங்கியது.